கதவுக்கு அடியில் விரல்கள்

ஜனவரி 9

கர்த்தருக்குள் பிரியமான அத்தைக்கு,

குருவி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். சளிகூடப் பிடிக்கவில்லை. உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களா?

"ஃபோன் எல்லாம் வேண்டாம், பாதி என் காதுல விழாது. எழுது, நான் திரும்பத் திரும்பப் படிச்சுக்குவேன்" என்று ஸ்டேஷனில் சொன்னீர்கள். சாவி வெட்டும் மெஷின் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்ற காது, அது மட்டும் என்ன செய்யும்? ஆகவே எழுதுகிறேன். உங்கள் மகனை அடக்கம் செய்த பிறகு இந்த மூன்று வருஷமும், மருமகள்தானே, நான் வேறு வீட்டுப் பெண் என்று ஒரு நாள்கூட என்னை நினைக்க விடவில்லை நீங்கள். "போ, போய் வேலையில சேரு" என்று தள்ளிவிட்டதும் நீங்கள்தான். ரயில் நகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நீங்கள்தான். பார்த்தேன்.

வேலை பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், படி இறங்கிப் போனால் எங்கள் பட்டறை. கால் இழந்தவர்களுக்குக் கால் செய்கிற இடம். மிஞ்சிய காலுக்கு ஈர மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்செடுத்து, அதில் அந்த மாவையே கரைத்து ஊற்றி, காய்ந்ததும் அரம் போட்டுத் தேய்க்கிறேன். எலும்பு முட்டும் இடத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும், சதை உள்ள இடத்தில் கொஞ்சம் இறுக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது தலையெல்லாம் வெள்ளை. "சின்ன வயசிலயே நரைச்சிருச்சே" என்று லாண்டரிக்காரர் கேலி செய்கிறார். அவர் கடைக்கு மேலேதான் என் அறை. இஸ்திரி ஆவி தரை வழியாக ஏறி வருகிறது. குளிருக்கு நல்லதுதான்.

ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். லாரி மோதி, முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வேறெங்கோ செய்த கால் அவரைக் கடிக்கிறது. "மேடம், நான் நிக்கிறது தொண்ணூறு டிகிரி இல்லை, எண்பத்தேழுதான்" என்றார். அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நம் சபையில் எல்லாரும் சுகமா? பாட்டுக் குழுவில் முதல் வரிசை இன்னும் உங்களுடையதுதானே? இங்கே சபை பெரியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

உங்களைத் தினமும் ஜெபத்தில் வைக்கும்,
குருவி

ஜனவரி 26

என் குருவிக்கு,

அத்தை ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தோள் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பழகிவிட்டன. நீ வேளைக்குச் சாப்பிடு. மாவுத் தூசியை மூக்கில் இழுக்காதே, துணி கட்டிக்கொள்.

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நேற்று ஒருவர் ஓடி வந்தார். "அம்மா, வீட்டுச் சாவி தொலைஞ்சிருச்சு, வந்து திறந்து கொடுங்க." பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பியைப் பூட்டில் விட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு குரல்: "சாவி தொலையலை! என்கிட்டதான் இருக்கு! யாரும்மா அது திறக்கிறது? திறந்தீங்கன்னா உங்களையும் அவரோட சேர்த்து வெளிய நிறுத்துவேன்!" கம்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனுஷன் படியில் உட்கார்ந்து, "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்கிறார். நான் பூட்டைத்தான் திறப்பேன், பெண்டாட்டியை எப்படித் திறப்பது?

உன் அறையில் ஜன்னல் இருக்கிறதா? வெயில் விழுகிறதா? அதை எழுதவில்லையே. வாத்தியாரின் கால் என்னாயிற்று?

பக்கத்து டீக்கடை அண்ணன் உன்னை விசாரித்தார்.

அன்புள்ள,
அத்தை

பிப்ரவரி 17

பிரியமான அத்தைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஜன்னல் இருக்கிறது. காலையில் வெயில் மேசைவரை வந்துவிட்டுப் போகிறது.

பூட்டிய கதவுக் கதையைப் பட்டறையில் சொன்னேன். எல்லாரும் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

வாத்தியாருக்குப் புதுக் கால் முடிந்தது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி நடக்கச் சொன்னேன். எல்லாரையும் போல அவரும் நல்ல காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, புதுக் காலைச் சும்மா தரையில் தொட்டுக்கொண்டு நின்றார். "அது தாங்கும் சார், பாரத்தைப் போடுங்க" என்றேன். "நீங்க செஞ்சது, நீங்க சொல்லுவீங்க" என்றார். பிறகு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு முழுப் பாரத்தையும் போட்டார். நின்றது. ஜெபமா என்று கேட்டதற்கு, "பாதி ஜெபம், பாதி வாய்ப்பாடு" என்கிறார்.

அவர் நான் போகும் சபைக்குத்தான் வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. சுருதிக்குப் பக்கத்தில்கூட வராமல் சத்தமாகப் பாடுகிறார். அப்பா அம்மா இருவரையும் படுக்கையில் வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்க யாரும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. இப்போது வாரத்துக்கு ஒரு தரம் "கணுக்கால் திருகு தளர்ந்த மாதிரி இருக்கு" என்று வருகிறார். முடுக்கிவிட்டு அனுப்புகிறேன்.

அத்தை, போன கடிதத்தில் சபையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. போதகர் எப்படி இருக்கிறார்? ஞாயிற்றுக்கிழமை யாரோடு போகிறீர்கள்?

உங்கள்,
குருவி

மார்ச் 11

குருவிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நல்ல மழை. நனையாமல் வந்ததற்கு நன்றி. நான் சுகம்.

சபை இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதகர் குடை மறக்காமல் நடமாடுகிறார்.

மெஷினுக்குப் புதுச் சக்கரம் மாற்றினேன். பழையது சாவியை வெட்டாமல் மென்றுகொண்டிருந்தது. வாத்தியாரை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் நீ செய்த கால் வாரா வாரம் தளர்கிறதே, அது எப்படி? உன் கை வேலை அப்படி இராதே. திருகைப் பார்.

இன்று உன் வீட்டுக்காரனின் பழைய சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். வேறொன்றுமில்லை.

அத்தை

ஏப்ரல் 8

பிரியமான அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

பட்டறையில் வேலை அதிகம். புது அடுப்பு வந்திருக்கிறது. பிளாஸ்டிக் தகட்டை அதில் வைத்தால் கண்ணாடி போலத் தெளிந்து தொங்கும். அந்த நொடியில் எடுத்து அச்சின் மேல் போர்த்திவிட வேண்டும். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. லாண்டரிக்காரர் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறது.

எழுத வேறு ஒன்றும் இல்லை. தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி

ஏப்ரல் 20

குருவிக்கு,

சுகமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். அடுப்பு இருக்கிறது, தகடு இருக்கிறது, யாரோ பெற்ற பேத்தி இருக்கிறது. கணக்கு வாத்தியாரைக் காணோம். கால் சரியாகிவிட்டதா, இல்லை ஆள் ஊரை விட்டே போய்விட்டாரா? என் காதுதான் மந்தம்.

என்னவென்று எழுது.

அத்தை

மே 6

என் உயிருக்கு உயிரான அத்தைக்கு,

உங்களுக்கு உடம்பு எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

வாத்தியார் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார்.

ஆராதனை முடிந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தார். "ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். திருகு ஒருநாளும் தளரலை. நானே தளர்த்திக்கிட்டு வருவேன்" என்றார்.

"தெரியும். திருகுல உங்க ஸ்பேனர் கீறல் இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கேட்டார். கேட்டதும் நான் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னேன். அந்தக் காய்ச்சல், அந்த ஒரு வாரம், எல்லாம். படம் இருந்தால் காட்டச் சொன்னார். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். "நல்லா சிரிக்கிற ஆள். இவரை நீங்க மறக்கணும்னு நான் கேட்க வரலைங்க. இவர் இருந்த மனசுலதான் எனக்கும் ஒரு ஓரம் கேக்குறேன்" என்றார்.

அத்தை, எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம் வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அறைக்கு வந்து முழங்காலில் நின்று, இந்தச் சந்தோஷம் உம்மிடமிருந்து வந்ததா, இல்லை தனியாக இருந்து இருந்து என் மனம் எனக்கே காட்டும் வித்தையா என்று கேட்டேன். இருதயம் ஏமாற்றும், அதை நம்பாதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஜெபித்துவிட்டு எழுந்தால் பாரம் குறைந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தால் பாரம் ஏறுகிறது. இதை நம்பலாமா அத்தை? வேறு யாரிடம் கேட்பேன்? இதைக் கேட்கக் கூடாத ஒரே ஆள் நீங்கள்தான். கேட்க எனக்கு இருக்கிற ஒரே ஆளும் நீங்கள்தான்.

அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள்,
குருவி

ஜூலை 14

பிரியமான அத்தைக்கு,

சுகமா? இரண்டு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன்.

தாங்க முடியாமல் டீக்கடை அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "அத்தை நல்லாத்தான் இருக்காங்க, கடை திறந்திருக்கு. ஆனா யார்கிட்டயும் பேச்சு இல்லை" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகு அவர் யதார்த்தமாக இன்னொன்றும் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு அப்புறம் அவங்க நம்ம சபைப் பக்கமே வரலையேம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது அத்தை. அங்கே இருந்த மூன்று வருஷமும் ஞாயிறு காலையில் "நீ முன்னாடி போ, நான் கடையில ஒரு அவசர வேலை முடிச்சிட்டு ரெண்டாம் ஆராதனைக்குப் போறேன்" என்பீர்கள். ரெண்டாம் ஆராதனையில் பாடுகிறீர்கள் என்றே நம்பினேன். என் மனம் நோகும் என்று சபையாரும் என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, நீங்கள் ஜெபிக்க முடியாமல் இருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

வாத்தியாரிடம் நிலைமையைச் சொன்னேன். "அவங்க மனசு முதல்ல. நான் காத்திருக்கேன், எனக்கு இப்போ நிக்கக் கால் இருக்கு" என்றார்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். நான் எங்கே போனாலும் உங்களை விட்டுப் போகிறவள் இல்லை.

குருவி

ஆகஸ்ட் 5

என் பிள்ளை குருவிக்கு,

அத்தை எழுதுவது. சுகமாக இருக்கிறேன். இந்தத் தரம் அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு அதை மெஷினுக்கு அடியில் தள்ளினேன். என் மகனை எடுத்துக்கொண்டது போதாதென்று, அவன் விட்டுப்போன உன்னையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரா என்று ஆண்டவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஜெபம் வராத வாயில் சண்டை மட்டும் நன்றாக வந்தது. உன்னைத் திட்டியும் எழுதினேன், தபாலில் போடவில்லை. அந்தத் தாள் உன் கைக்கு வராமல் போனதற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

டீக்கடை அண்ணன் சொன்னது நிஜம். ரெண்டாம் ஆராதனை என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டுக் குழுவில் என் குரல் போய்விட்டது குருவி. அவன் பெட்டிக்குள் படுத்திருக்க, உம் அன்பு பெரியது என்று அவர்கள் பாடினார்களே, அன்றைக்குப் போனது.

போன வாரம் வியாழக்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒருவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "அம்மா, பாப்பா பாத்ரூம்ல மாட்டிக்கிச்சு, உள்ள பட்டனை அமுக்கிடுச்சு, சீக்கிரம் வாங்க!" அடுத்த தெருதான். நானும் ஓடினேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை. உருண்டைக் கைப்பிடிப் பூட்டு. வெளிச்சாவி எப்போதோ தொலைந்து போனது. உள்ளே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறது, கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கதவை உடைக்கலாம் என்றால் குழந்தை கதவிலேயே சாய்ந்து நிற்கிறது, உடைத்தால் அதன் மேல்தான் விழும்.

அந்தத் தாய் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். தண்ணீரில் சேலை முழுக்க நனைந்திருந்தது. கதவுக்கு அடியில் இருந்த சின்ன இடைவெளியில் விரல்களை நுழைத்து வைத்திருந்தாள். "அம்மா இங்கதான் இருக்கேன்டா. கீழ பாரு, அம்மா விரல் தெரியுதா? பிடிச்சுக்கோ."

குழந்தைக்கு என்ன புரியும்? அதன் கணக்கில் கதவைப் பூட்டியது அம்மாதான். "கதவைத் திற! நீ ஏன் திறக்க மாட்டேங்கிற? நீ கெட்ட அம்மா! போ!" என்று கத்துகிறது. கையில் கிடைத்த குவளையால் அந்த விரல்கள் மேல் அடிக்கிறது. அடி விழும் சத்தம் எனக்கே கேட்டது. தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள், விரலை இழுக்கவில்லை. "அடிச்சுக்கோ கண்ணு. அம்மா எங்கயும் போகலை. போக மாட்டேன்."

நான் வளைகம்பியைப் பூட்டில் விட்டேன். கை நடுங்கியது. இத்தனை வருஷத்தில் பூட்டின் முன் என் கை நடுங்கியதே இல்லை. அப்போது என் வாய் தானாக, "ஆண்டவரே, கையைப் பிடிச்சுக்கோ" என்றது. நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். நடுக்கம் நின்றது. பூட்டுக்குள் இருக்கும் முட்கள் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன. பூட்டு திரும்பியது.

குழந்தை வெளியே வந்து தாயின் மேல் விழுந்தது. சற்று முன் அடித்த அதே கையால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தாயின் விரல் இரண்டு வீங்கி நீலமாக இருந்தன. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, மயக்கமா? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று அந்த மனுஷன் பதறினார். மயக்கம் இல்லை குருவி. மூன்று வருஷமாக உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்தது நான்தான் என்று அப்போது தெரிந்தது. அவர் என்னைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துக்கொண்டு, விரலை எடுக்காமலே இருந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். அந்தத் தாய் எழுந்து வந்து, குழந்தையையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை.

என் மகன் ஏன் போனான் என்பதற்கு எனக்கு இன்றும் பதில் கிடைக்கவில்லை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் தனியாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. அது இப்போதைக்குப் போதும்.

இனி உன் கேள்வி. இருதயத்தை நம்பலாமா என்று கேட்டாய். எனக்குப் பிரசங்கம் வராது. என் இருதயம் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். ஆண்டவர் போய்விட்டார் என்று என்னிடம் சொன்னது அதுதான். அது வலியில் பேசிய பேச்சு, பொய்யாகப் போயிற்று. கை நடுங்கியபோது அவரை முதலில் கூப்பிட்டதும் அதே இருதயம்தான். ஆக அது வலியில் உளறும், ஆனால் யாருடைய பிள்ளை என்பதை மறக்காது. உனக்கு வந்த சந்தோஷம் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கச் சொல்லவில்லையே. பதில் வரும்வரை காத்திருக்கச் சொன்னது, என்னை நினைத்துக் கவலைப்படச் சொன்னது. அப்படிப்பட்ட சந்தோஷத்தை அவர் தராமல் வேறு யார் தருவார்? நம்பு.

அந்த மனுஷனுக்குச் சரி என்று சொல். திருகைத் தளர்த்துவதை நிறுத்தச் சொல், மரை போய்விடும்.

அன்பும் ஆசீர்வாதமும்,
அத்தை

ஆகஸ்ட் 16

என் அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்துவிட்டேன் என்றுதான் எழுதத் தோன்றுகிறது.

பட்டறைப் படியில் உட்கார்ந்து படித்தேன். அந்தத் தாயின் விரல் வந்த இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. கடிதத்தில் மாவு விழாமல் முந்தானையால் மூடிக்கொண்டு அழுதேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியாம்மா?" என்றார். "இல்லண்ணே, நல்ல சேதி" என்றேன். "அப்போ ஏன் இப்படி?" என்று குழம்பிப் போய்விட்டார்.

சபை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாருக்கு அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். "அடிபட்டு ஆஸ்பத்திரியில கண் முழிச்சப்போ நானும் அப்படித்தான் கத்தினேன்" என்றார். இருவரும் அந்தப் பெஞ்சிலேயே நன்றி சொல்லி ஜெபித்தோம். மரை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். காது சிவந்துவிட்டது அவருக்கு.

அக்டோபர் முதல் சனிக்கிழமை சபையில் எளிமையாகக் கல்யாணம். என் பெற்றோர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணின் பக்கம் முதல் பெஞ்சில் யார் என்று போதகர் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே உங்களைச் சொல்லிவிட்டேன். டிக்கெட் வாத்தியார் எடுத்து அனுப்புகிறார். தோள்வலி என்று சாக்கு எழுதாதீர்கள். பை தூக்க ஆள் வருவார்.

தோளுக்கும் உங்களுக்கும் என் முத்தங்கள்.
குருவி

அக்டோபர் 22

என் குருவிக்கும் மாப்பிள்ளைக்கும்,

ஆண்டவர் தந்த சுகத்தோடு வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். அதை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்ததால் இந்தத் தரம் விசாரிக்கவில்லை.

ரயிலில் பக்கத்து சீட்டு அம்மா, "கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்களா? பொண்ணுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டாள்.

"மாமியார்" என்றேன்.

"அப்போ மாப்பிள்ளை உங்க மகன்னு சொல்லுங்க."

"இனிமே அப்படித்தான்" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை ஆராதனை முழுக்க எதிலும் சாயாமல் நின்றதைப் பார்த்தேன். பாட்டையும் கேட்டேன். என் காது மந்தமானதற்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன் என்று அவரிடம் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நம் சபைக்குப் போனேன். முன் வரிசைக்கு வரச்சொல்லிக் கை காட்டினார்கள். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று நடுவில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் போதகர். ஒருவர் வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னார், ஒருத்தி சுகப்பிரசவத்துக்கு. உன் கல்யாணத்துக்கு நன்றி சொல்லத்தான் நானும் எழுந்தேன். அந்த வார்த்தையைத்தான் மனதில் வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் வேறு வந்தது.

"எனக்கு ஒரு மகனைக் கொடுத்தார். அவனைக் கூட்டிக்கிட்டுப் போனதுக்கு அவர்கிட்ட நிறையப் பேசிட்டேன். கொடுத்ததுக்கு இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லலை. இன்னைக்குச் சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன் குருவி. அழவில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோப்பு நுரையை மீசையாக ஒட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று, "சாவி வேணுமா சார்?" என்று போகிற வருகிறவர்களைக் கேட்பான். அது நினைவு வந்து, சபை நடுவில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன்.

உங்கள் இருவரின்,
அம்மா